எட்டாம் வரிசை

அத்தியாயம் 11

பைரோஜா தட்டில் வைத்த முட்டை அன்றும் அப்படியே கிடந்தது.

இட்லியை இரண்டு வாயில் முடித்துவிட்டு உபைதுல்லா எழுந்தான். அவித்து, உரித்து, மேலே மிளகுத்தூள் தூவி வைத்திருந்த முட்டையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவி ஹாஃபிஸா இறந்த பிறகு அவன் தட்டில் தினமும் ஒரு முட்டை விழுகிறது. தினமும் அது அவன் தங்கை ருமானாவின் தட்டுக்கு நகர்கிறது. பிள்ளை உருகிப்போனான் என்று தாய் பைரோஜா சொல்வாள். பசியில்லை என்று மகன் சொல்வான். அந்த வழக்கில் தீர்ப்பு வந்ததே இல்லை.

"ஒத்த முட்டையாவது தின்னுட்டுப் போப்பா. வேற என்ன கேட்டேன் உன்கிட்ட?"

"சாயங்காலம் பாத்துக்கிடலாம்மா."

ருமானா முட்டையை எடுத்துப் பாதியாகக் கடித்தாள். பி.காம் முடித்தவள். காலையில் சாத்தூர் பஸ்ஸில் ஏறிக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவாள். பொழுது சாயும்போது திரும்புவாள். வீட்டில் சத்தம் என்று ஏதாவது மிஞ்சியிருக்கிறது என்றால் அது அவளுடையதுதான். அத்தா காதர் பாட்சா விடிந்ததும் மல்லி, வத்தல் மண்டிக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அண்ணன் பேசுவதில்லை.

"இன்னைக்கும் காப்பிக்கறைதானாண்ணே?" என்றாள் வாயில் முட்டையோடு.

அவன் ஹெல்மெட்டை எடுத்தான்.

காப்பிக்கறை என்று அவள் பெயர் வைத்தது அவனுடைய ஆராய்ச்சிக்கு. அதில் தப்புச் சொல்ல முடியாது. பரிசோதனை செய்த தாள் ஒவ்வொரு முறையும் முழுதும் பழுப்பாகித்தான் போயிருந்தது. கோடு தெரிய வேண்டிய இடமும் பழுப்பு. தெரியக்கூடாத இடமும் பழுப்பு.

போன வாரம் ஏழாயிரம்பண்ணையில் பாண்டிமீனா கேட்ட கேள்வி வண்டி ஓட்டும்போது கூடவே வந்தது.

"கன்னத்துக்குள்ள பிரஷ்ஷ விட்டுச் சுரண்டிட்டுப் போனீகளே, என்னய்யா தெரிஞ்சுச்சு?"

அவள் மருந்து சலிக்கும் அறையில் வேலை செய்கிறவள். பட்டாசுக்குள் போகும் உலோகத்தூளையும் உப்பையும் சலிப்பதும் கலப்பதும் அங்கேதான். லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் கம்பெனியில் அப்படி நான்கு அறைகள். அதில் ஒன்றில் மட்டும் சோதனைக்காகத் தூசி உறிஞ்சும் மிஷின் மாட்டியிருந்தார். வித்தியாசம் இருக்கிறது என்று காட்டினால் மற்ற மூன்றுக்கும் மாட்டுவதாக வாக்கு. காட்டுவதற்கு உபைதுல்லா ஒப்புக்கொண்டிருந்தான்.

உடம்புக்குள் உலோகத்தூள் போனால் செல்கள் சும்மா இருக்காது. அதைக் கட்டிப்பிடித்து வைக்க ஒரு சின்னப் புரதத்தைக் கூடுதலாக உண்டாக்கும். கன்னத்தின் உட்தோல் செல்களில் அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் போதும், தூசி உள்ளே போனதா இல்லையா என்று தெரிந்துவிடும். தீபாவளிக்கு முந்தைய சீசனில், வேலை உச்சத்தில் இருந்தபோது அவன் எடுத்த செல்கள் அவை. இப்போது போய் மறுபடி எடுக்க முடியாது. கன்னத்துத் தோல் சில வாரங்களில் புதிதாக மாறிவிடும். தீபாவளி கழிந்ததும் பெண்களும் அறை மாறிவிட்டார்கள்.

ஒவ்வொரு தோல்வியும் அந்தச் செல்களில் ஒரு பங்கைத் தின்றது. மிச்சமிருந்த கடைசிப் பங்கை நேற்று, புரதங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, அதிலிருந்து தாளுக்கு மாற்றி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்திருந்தான். இனி எடுக்க ஒரு சொட்டுக்கூட இல்லை. லட்சுமிகாந்தம் நாளை வடநாட்டுக்கு ஆர்டர் பிடிக்கக் கிளம்புகிறார். அவர் திரும்பும்போது புது சீசன் வேலை தொடங்கியிருக்கும். பாண்டிமீனாவும் மற்றவர்களும் பழையபடி அதே தூசிக்குள் நிற்பார்கள்.

சூலக்கரை கலெக்டர் ஆபீஸைத் தாண்டி வண்டியை விரட்டினான்.

*

பேராசிரியர் கற்பகவல்லி அவனுக்கு முன்பே கல்லூரி லேபுக்கு வந்திருந்தார். கையில் சின்னத் தட்டு. தட்டில் விரல் அகலத்துக்கு ஒரு தாள்துண்டு. அது பழுப்பாக இருந்தது.

நேற்று அவர்தான் அதை வெட்டச் சொன்னார். எந்தச் சாம்பிளும் இல்லாத வெறும் துண்டு. அதற்கு முதல் ஆன்டிபாடியைக் காட்டாமல், மற்ற எல்லாவற்றையும் வழக்கம்போலச் செய்யச் சொல்லியிருந்தார்.

"முதல் ஆன்டிபாடி போடலையே?"

"போடல மேடம்."

"சாம்பிளும் இல்ல. பெறகு எதப் போய்ப் பிடிச்சுச்சு இது?"

அவன் துண்டை வாங்கிப் பார்த்தான். மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பதிலைத் தானே சொல்லிவிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

உபைதுல்லா ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தான். அந்தத் தாளுக்கு ஒரு குணம் உண்டு. புரதம் எது பட்டாலும் பிடித்துக்கொள்ளும். அப்படியே விட்டால் ஆன்டிபாடியும் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் ஏதாவது ஒரு பொதுவான புரதத்தில் தாளை ஊறவைத்துக் காலி இடத்தையெல்லாம் அடைத்துவிட வேண்டும். பால்பவுடர் கரைசல் அதற்குத்தான். பிறகு முதல் ஆன்டிபாடி. அது தேடுகிற புரதத்தை மட்டும் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டாவது. அது முதலாவதைப் பிடிக்கும். இரண்டாவதன் முதுகில்தான் நிறம் உண்டாக்கும் சரக்கு இருக்கிறது. அது எங்கே நிற்கிறதோ அங்கே பழுப்பு விழும்.

இந்தத் துண்டில் சாம்பிள் இல்லை. முதல் ஆன்டிபாடி இல்லை. மிஞ்சியது இரண்டுதான். பாலும், இரண்டாவது ஆன்டிபாடியும்.

அவன் பார்வை அலமாரிக்குப் போனது. அங்கே பால்பவுடர் டப்பா இருந்தது.

ஹாஃபிஸா வாங்கும் அதே பிராண்ட். அவள்தான் இந்த லேபில் அவனுக்கு மூத்தவள். தாளைச் சாமணத்தால் எப்படித் தூக்குவது, நுரை வராமல் பாலை எப்படிக் கலக்குவது, எல்லாம் அவள் கை பார்த்துப் படித்தவன். கலக்கி முடித்ததும் வெளியே போய், வீட்டு டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் பவுடரை வாயில் போட்டுக்கொள்வாள். உதட்டோரம் வெள்ளையாக ஒட்டியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. டெங்கு என்றார்கள். அவன் ஒரு மாதம் கழித்து லேபுக்குத் திரும்பினான். டப்பா தீர்ந்திருந்தது. அதே கடையில் அதே டப்பாவை வாங்கி வந்து, அதே அளவு போட்டு, அதே பக்கமாகக் கலக்கினான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

அவள் பயன்படுத்திய முதல் ஆன்டிபாடி முயலிடமிருந்து எடுத்தது. அதைச் செய்த கம்பெனி நிறுத்திவிட்டது. இப்போது அவன் வாங்கியிருப்பது ஆட்டிடமிருந்து எடுத்தது. அதற்கேற்ப இரண்டாவதையும் மாற்றினான். ஆட்டு ஆன்டிபாடியைப் பிடிக்கக் கழுதையின் உடம்பில் உண்டாக்கியது. எல்லாவற்றையும் மாற்றினான். பாலை மட்டும் மாற்றவில்லை.

பால் மாட்டுடையது. ஆடும் மாடும் பங்காளிகள். ஆட்டு ஆன்டிபாடியை அடையாளம் காணும் கழுதைக்கு, பாலில் கலந்திருக்கும் மாட்டு ஆன்டிபாடியும் அதே வீட்டுப் பிள்ளையாகத்தான் தெரியும். தாள் முழுக்கப் பால். தாள் முழுக்கப் பழுப்பு.

"பால் மேடம்," என்றான்.

"ம்."

"முயலுக்கு இது சரி. ஆட்டுக்கு ஆகாது."

கற்பகவல்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சந்தேகம் வந்துச்சு. பால மாத்திப் பாக்கலாமான்னு கேட்டேன். அப்ப உங்க முகம் போன போக்கப் பாத்து விட்டுட்டேன். அது என் தப்பு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா ஒண்ணு உபைதுல்லா. ஹாஃபிஸா இருந்திருந்தா ஆடுன்னு லேபிளப் படிச்ச அன்னைக்கே பாலத் தூக்கிக் கொட்டியிருப்பா."

அது உண்மை. அவள் எதையும் கும்பிட்டுக்கொண்டு இருந்தவள் இல்லை. வேலை செய்யாததை வேலை செய்யாதது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறவள். அவன்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளை நகரவிடாமல் வைத்திருந்தான்.

டப்பாவை எடுத்து மூடி, அலமாரியின் கீழ்த்தட்டில் பின்னால் தள்ளி வைத்தான்.

*

பாலுக்குப் பதில் என்ன என்பது அடுத்த சிக்கல். ஃபிரிட்ஜில் இருந்த ஆல்புமின் புரதமும் மாட்டு ரத்தத்திலிருந்து வந்ததுதான். கழுதையின் ரத்தச் சீரம் சரிப்படும், ஆனால் அது பெங்களூரிலிருந்து வர வேண்டும். வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அண்ணாச்சி சாயங்காலம் லேபுக்கே வருவதாகச் சொல்லியிருந்தார்.

மாட்டோடும் ஆட்டோடும் எந்த உறவும் இல்லாத ஒரு புரதம் வேண்டும். கரைய வேண்டும். இன்றே கிடைக்க வேண்டும்.

காலைத் தட்டு கண்முன் வந்தது.

கோழிக்கும் ஆட்டுக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? முட்டையின் வெள்ளைக்கரு முழுக்கப் புரதம்தானே? மேடத்திடம் சொன்னான். அவர் முதலில் ஒரு வெறும் துண்டில் சோதித்துவிட்டுத்தான் உண்மைத் தாளைத் தொட வேண்டும் என்றார். அவ்வளவுதான் நிபந்தனை.

வீட்டுக்கு போன் போட்டான். ருமானா கிளம்பும் தறுவாயில் இருந்தாள். அவள் போகும் சாத்தூர் பஸ் கல்லூரி வாசலில் நின்றுதான் போகும்.

அவன் வாசலில் காத்திருந்தான். பஸ் வந்து நின்றது. ருமானா இறங்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு தூக்குவாளியை நீட்டினாள். தவிட்டுக்கு நடுவில் முட்டைகள் பத்திரமாக இருந்தன.

"தின்ன மாட்டேன்னு அடம்பிடிச்ச ஆளு முட்ட கேக்குதுன்னதும் அம்மா அழுதுருச்சுண்ணே. ஆம்லெட்டா, கலக்கியா?"

"காப்பிக்கறைக்கு வைத்தியம்."

"போச்சு. அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்பா."

அவள் சிரித்தாள். துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிச் சுற்றியிருந்தாள். சாயம்போன பழைய சுடிதார். மடியில் பெரிய டிபன் அடுக்கு. வகுப்புக்குப் போகிறவளுக்கு இவ்வளவு சோறு எதற்கு என்று ஒரு நொடி தோன்றியது. பஸ் நகர்ந்தது. கையில் முட்டை இருந்தது. அந்த நினைப்பு அங்கேயே விழுந்துவிட்டது.

வெள்ளைக்கருவை மட்டும் பிரித்து, உப்புக்கரைசலில் மெல்லக் கலக்கி, வடிகட்டினான். அவனுக்குக் கற்றுக்கொடுத்த அதே கைப்பழக்கம்தான். நுரை வரவில்லை. வெறும் துண்டை அதில் ஊறவைத்தான். இரண்டாவது ஆன்டிபாடி. கழுவல். நிறம் காட்டும் திரவம்.

இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

துண்டு வெள்ளையாகவே இருந்தது. வேட்டியை வெளுத்து நீலம் போட்ட மாதிரி வெள்ளை. கற்பகவல்லி அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அவன் வேண்டாம் என்று சொல்வதற்குள் பாதியை அவனுக்கு எடுத்து வைத்தார். அவனும் தின்றான்.

பிறகு உண்மைத் தாளை எடுத்தான்.

அதில் எட்டு வரிசைகள். முதலாவது அளவுகோல். அடுத்த மூன்று, தூசி உறிஞ்சாத அறைப் பெண்கள்; அதில் முதலாவது பாண்டிமீனா. அதற்கடுத்த மூன்று, மிஷின் மாட்டிய அறைப் பெண்கள். எட்டாவது, பட்டாசு மருந்தையே தொடாத ஒரு ஆள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. சிவப்புச் சாயம் போட்டு நேற்றே பார்த்திருந்தான். எல்லா வரிசையிலும் புரதம் ஒரே அளவுதான் ஏறியிருந்தது.

எட்டாவது ருமானாவுடையது. அம்மா வெற்றிலை போடுவாள், அத்தா பீடி குடிப்பார், இரண்டுமே கன்னத்துச் செல்களைக் கெடுக்கும், அதனால் வீட்டில் வேறு ஆள் இல்லை. அன்று வாயைத் திறக்கச் சொன்னபோது அவள் என்னவோ அடம்பிடித்தாள். வேறு யாரிடமாவது எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு சரி என்று வாயைத் திறந்தாள். பிரஷ்ஷுக்குப் பயப்படுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

*

லட்சுமிகாந்தம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பைக்குள் இரண்டு போன். லேபின் ஸ்டூல் அவருக்குப் போதவில்லை. பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருந்தார். இரண்டாவது ஆன்டிபாடியில் தாள் அப்போது ஆடிக்கொண்டிருந்தது.

இதற்கு முன் அனுப்பிய படங்களைத் தன் மகனிடம் காட்டியதாகவும், காட்டுத்தீ பிடித்த மாதிரி இருப்பதாக அவன் சொன்னதாகவும் சொன்னார். மற்ற அறைகளுக்கு மிஷின் மாட்டத் தனக்கு மனசில்லாமல் இல்லை என்றார். ஆனால் கூட்டாளிகள் இருக்கிறார்கள். இவன் ஏதோ படித்த பையன் சொன்னான் என்று செலவு செய்கிறான் என்பார்கள். அவர்கள் கண்ணில் காட்ட ஏதாவது வேண்டும். இன்று இல்லையென்றால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம், யாருக்கும் வருத்தம் வேண்டாம். இதையெல்லாம் கடுமையாகச் சொல்லவில்லை. கிளம்பப்போகிற ஆள் சொல்கிற தோரணையில் சொன்னார்.

காலையில் நடந்ததை உபைதுல்லா அவருக்கு விளக்கினான். ஆடு, மாடு, கழுதை, கோழி.

"ஆக, கழுதைய நம்பித்தான் எங்க கம்பெனி நிக்குதுங்கீக."

"கழுதை மேல தப்பில்ல அண்ணாச்சி. நாங்கதான் அதுக்குத் தப்பான ஆளக் காட்டிட்டோம்."

லட்சுமிகாந்தம் சிரித்துவிட்டார். "சரி, கழுவுங்க. பாப்போம்."

கடைசிக் கழுவல் முடிந்தது. உபைதுல்லா தாளைத் தட்டில் போட்டு நிறம் காட்டும் திரவத்தை ஊற்றினான்.

தாள் வெள்ளை.

தட்டை மெல்ல ஆட்டினான். வெள்ளை. மேடம் அருகில் வந்து நின்றார். அண்ணாச்சியின் போன் ஒன்று அடித்தது. அவர் அதைப் பார்க்காமலே அமுக்கினார்.

இரண்டாம் வரிசையின் கீழே, மூச்சு பட்டதுபோல் ஒரு நிழல்.

நிழல் இறுகியது. நேராக, ஓரம் சுத்தமாக, சின்னப் படுக்கைக் கோடாக எழுந்தது. பாண்டிமீனாவின் கோடு. பக்கத்தில் மூன்றாவது. அதன் பக்கத்தில் நான்காவது. கருத்த பழுப்பில் மூன்றும் வரிசை கட்டி நின்றன. சுற்றிலும் தாள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு வரிசைகளில் அதே உயரத்தில் மெல்லிய கீறல்கள். பென்சிலால் இழுத்து அழித்தது போல. ஒருத்திக்கு அதுவும் இல்லை.

இத்தனை மாதமாக அந்தக் கோடுகள் அங்கேதான் இருந்திருக்கின்றன. பாலுக்கு அடியில்.

"இந்த மூணும் தூசி அறை," என்றான். "இந்த மூணும் மிஷின் மாட்டின அறை."

லட்சுமிகாந்தம் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும் அந்த வித்தியாசம். கற்பகவல்லி அவன் தோளில் கை வைத்து ஒரு முறை அழுத்திவிட்டு எடுத்துக்கொண்டார்.

"இது யாரு தம்பி?"

அண்ணாச்சியின் விரல் தாளின் வலது ஓரத்தில் இருந்தது.

எட்டாம் வரிசையில் ஒரு கோடு எழுந்திருந்தது. மெல்லியதல்ல. பாண்டிமீனாவுடையதற்குக் கொஞ்சமும் குறையாத தடிப்பு.

"மருந்தே தொடாத ஆளுன்னு ஒண்ணு வச்சிருக்கேன்னீக. அது இதுதான?"

"ஆமா."

"தொடாத ஆளுக்கும் இம்புட்டு வருதுன்னா, இத நான் எப்பிடித் தம்பி என் கூட்டாளிகிட்டக் கொண்டுபோக?"

மேடம் அவன் முகத்தைப் பார்த்தார்.

உபைதுல்லா ஒவ்வொன்றாகக் கழித்தான். காலையில் செய்ததுபோலவே. பால் இல்லை. கழுதை தானாக எதையும் பிடிக்காது. வெள்ளைத் துண்டு மேஜைமேல் சாட்சியாக இருக்கிறது. சாம்பிள் மாறியிருக்குமா? வீட்டில் எடுத்தது அது ஒன்றுதான். அதற்கு மட்டும் பச்சை மூடி போட்ட குழாய். அவனே எடுத்தான், அவனே எழுதினான், அவனே ஜெல்லில் விட்டான். எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சியது ஒன்றுதான். சாயம்போன சுடிதார். இறுக்கிச் சுற்றிய துப்பட்டா. பெரிய டிபன் அடுக்கு. வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்.

அந்த வரிசை சரியாக வரவில்லை என்று சொல்லிவிடலாம். வெட்டி எறிந்துவிட்டு மற்ற ஏழையும் காட்டலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒரு கோட்டைப் பொய் என்றால் மற்ற ஆறும் என்ன ஆகும்?

"தாள் சரிதான் அண்ணாச்சி," என்றான். "தப்பு என் பேர்ல. மருந்து தொடாத ஆளுன்னு நான் நெனச்சேன். தொட்டிருக்காங்க."

"யாருன்னு தெரியுமா?"

"எங்க வீட்டு ஆளு."

லட்சுமிகாந்தம் நிமிர்ந்தார். அவனை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து எட்டாம் வரிசையை வெகுநேரம் பார்த்தார்.

"வீட்டுக்குத் தெரியாம பட்டாசுக் கம்பெனி வேன் ஏறுறவுக எங்க பக்கம் நெறையப் பேரு தம்பி," என்றார் மெதுவாக. "நான் மஸ்டர் நோட்டுல பேரு பாத்துச் சம்பளம் குடுக்குற ஆளு, எனக்கே எல்லாந் தெரியாது. உங்க வீட்டுல இருக்குற ஒங்களுக்கும் தெரியல. இந்தத் தாளுக்குத் தெரிஞ்சிருக்கு."

போனை எடுத்தார். மிஷின் மாட்டிக்கொடுத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மிச்ச மூன்று ரூமுக்கும் சேர்த்து அளவெடுக்கச் சொன்னார், நாளைக்கே, தான் ஊரில் இல்லாவிட்டாலும் நிற்கக்கூடாது. அந்தப் பக்கம் என்னவோ இழுத்திருக்க வேண்டும். "வேல ஆரம்பிக்கிறதுக்குள்ள ஓடணும்யா, அம்புட்டுத்தான்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

வாசல் வரை போனவர் திரும்பி, அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டார். எட்டு வரிசையும் தெரியும்படி.

உபைதுல்லா பாண்டிமீனாவுக்கு போன் செய்தான். கோடு விழுந்ததையும், மூன்று அறைக்கும் மிஷின் வருவதையும் சொன்னான். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் ஆட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் போனை மூடாமலே கத்தினாள். அவனிடம் அல்ல. தெருவில் யாரிடமோ, தெருவில் இருந்த எல்லாரிடமும். அவன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து வந்ததால் கன்னம் வலித்தது.

அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்தான். நீ இருந்திருந்தால் இது எப்போதோ முடிந்திருக்கும் என்று மனசுக்குள் சொன்னான். அவள் பெயரை வலிக்காமல் நினைத்த முதல் சாயங்காலம் அது.

*

வீட்டில் பைரோஜா சங்கதியை முழுக்கக் கேட்டாள். கழுதை வரும் இடத்தில் மட்டும் சந்தேகமாகப் பார்த்தாள். தன் வீட்டு முட்டையால்தான் மூன்று அறைக்கு மிஷின் வருகிறது என்பது புரிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள். பக்கத்து வீட்டுக்குச் சுவருக்கு மேலேயே செய்தி போனது. அத்தா மண்டியிலிருந்து போனில் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். சேவு வாங்கி வருவதாகவும் சொன்னார்.

ருமானா வந்து நேராகக் கொல்லைக் குழாயடிக்குப் போனாள். தினமும் அப்படித்தான் போகிறாள் என்பதை இன்றுதான் அவன் கவனித்தான். சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்தாள். முழங்கை வரை.

அவன் பின்னால் போய் நின்றான்.

"என்னண்ணே, தெருவுக்கே கேக்குது அம்மா குரலு. ஜெயிச்சுட்டியாமே." திரும்பாமலே கேட்டாள். "உன் கழுத என்னதான் சொல்லுச்சு?"

"எல்லாத்தையும் சொல்லுச்சு. பாண்டிமீனாவப் பத்திச் சொல்லுச்சு. மத்த அஞ்சு பேரப் பத்திச் சொல்லுச்சு." அவன் நிறுத்தினான். "எட்டாவது ஆளப் பத்தியும் சொல்லுச்சு."

அவள் கை நின்றது. தண்ணீர் மட்டும் ஓடியது. வலது கைக் கட்டைவிரல் நகத்தின் அடியில், சோப்புக்கும் போகாமல், வெள்ளிப் பொட்டாக ஒன்று மின்னியது.

"எந்த வேன்ல போற, ருமானா?"

அவள் குழாயை மூடினாள். அடுக்களைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பேசியபோது அவள் குரலில் விளையாட்டு இல்லை. ஆனால் பயமும் இல்லை.

"அம்மாகிட்டச் சொல்லிராதண்ணே. நான் காசுக்குப் போகல. எதுக்குப் போறேன்னு தெரிஞ்சா நீயே என்னைய வேன் ஏத்தி விடுவ."

"உபைது, முட்ட ஆறுது பாரு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவன் போய்த் தட்டை எடுத்து வந்தான். பைரோஜா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டையை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். தாய் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். மறு பாதியைத் தங்கையின் ஈரக்கையில் வைத்தான்.

"தின்னு," என்றான். "நாளைக்கு வேன்ல ரெண்டு எடம் சொல்லி வை."